வருகைப் பதிவேடு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் வைத்திருக்கும் பெயர் திருவருகைக் காலம். சி.எஸ்.ஐ. சபைகளில் பெரும்பாலும் அட்வென்ட் என்றே புழங்குகிறது. கடைகளைப் பொறுத்தவரை இது ஸ்டாரும் சீரியல் பல்பும் விற்கும் சீசன். ஆலயத்துக்குள் போனால் பாதிரியார் ஊதா உடையில் இருப்பார், ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மெழுகுவர்த்தி கூடும்.

இந்த நாட்களில் பிரசங்கங்களில் தவறாமல் ஒரு வரி வரும்: அன்றாட வாழ்க்கையில் கிறிஸ்துவின் பிரசன்னத்தைக் கண்டுகொள்ளுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆபீஸில் யாராவது இப்படி ஒரு வரியை எழுதிக்கொண்டு வந்து இதைச் செய்து கொடுங்கள் என்றால், நான் கேட்கும் முதல் கேள்வி, இது நடந்ததா இல்லையா என்று எப்படிச் சோதிப்பது என்பதுதான். கண்டுகொண்டதற்கு என்ன அடையாளம்? கண்டது அவரைத்தான், நம் மனசு போட்ட படத்தை அல்ல என்று எப்படித் தெரியும்? அந்தக் கேள்வியோடு இந்தக் காலத்தின் பழைய வரலாற்றைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். அதன் குறிப்புகள்தான் இவை.

முதலில் சொல். அட்வென்ட் என்பது லத்தீன் 'அட்வென்டுஸ்'. வருகை என்று பொருள். சாதாரண வருகை மட்டுமல்ல, பேரரசர் ஒரு நகரத்துக்குள் நுழையும்போது நடக்கும் சடங்குக்கும் அதுதான் பெயர். ரோம நாணயங்கள் பலவற்றில் பேரரசர் குதிரை மேல் வலது கையை உயர்த்தியபடி வருவார், சுற்றி இந்தச் சொல் பொறிக்கப்பட்டிருக்கும். நம்ம ஊர் பாஷையில் தலைவர் வருகிறார் போஸ்டர்.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் இதற்கு இணையான சொல் 'பரூசியா'. இதன் வேர்ப்பொருள் வருவது அல்ல, பக்கத்தில் இருப்பது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் இரண்டு பொருளும் வருகின்றன. ஏழாம் அதிகாரத்தில் தீத்து வந்து சேர்ந்ததைச் சொல்ல இந்தச் சொல். பத்தாம் அதிகாரத்தில், இவருடைய கடிதங்கள்தான் காரம், நேரில் பார்த்தால் ஆள் ஒன்றுமில்லை என்று எதிராளிகள் பவுலைக் கிண்டல் செய்வதாக வரும். அங்கே 'நேரில்' என்பதற்கும் இதே சொல்தான். ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு இடத்திலும் வருவதா, இருப்பதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

தமிழில் படித்த நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கையில் இருந்தது வருகைப் பதிவேடு. பெயரைக் கூப்பிட்டதும் நாம் 'வந்தேன் ஐயா' என்று சொல்லவில்லை, 'உள்ளேன் ஐயா' என்றோம். வருகையைக் குறிக்கும் ஏட்டில் இருப்பைக் குறித்துக்கொண்டார்கள், யாருக்கும் குழப்பம் வரவில்லை. இதை விட எளிதாகப் பரூசியாவை விளக்க எனக்குத் தெரியவில்லை. திருவருகைக் காலம் என்பது இனிமேல் வரப்போகிறவருக்கான காத்திருப்பு மட்டும் என்று எடுத்துக்கொண்டால் சொல்லில் பாதியை விட்டுவிடுகிறோம்.

இப்போது வாசகங்களுக்கு வருவோம். அட்வென்ட் முதல் ஞாயிறு கோயிலுக்குப் போகிறவர்கள் பெத்லகேம், மாட்டுத்தொழுவம், இடையர்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அன்று வாசிப்பது உலக முடிவைப் பற்றிய பகுதி. கத்தோலிக்கத் திருச்சபையில் 1969-லிருந்து வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றாக வருகின்றன. முதல் ஆண்டில் மத்தேயு 24. அதில் நோவா காலத்து ஜனங்கள் என்ன பாவம் செய்தார்கள் என்ற பட்டியலே கிடையாது, கவனித்தீர்களா? சாப்பிட்டார்கள், குடித்தார்கள், பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள், அவ்வளவுதான். அடுத்து வயலில் இரண்டு பேர், திரிகையில் மாவரைக்கும் இரண்டு பெண்கள். செய்கிற வேலை ஒன்றே, ஆனால் ஒருவர் எடுத்துக்கொள்ளப்படுகிறார், மற்றவர் விடப்படுகிறார். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. இரண்டாம் ஆண்டில் மாற்கு 13. வீட்டுக்காரர் வெளியூர் போகிறார், ஒவ்வொரு வேலைக்காரருக்கும் அவரவர் வேலையைக் கொடுத்துவிட்டு, வாசல் காவலாளியிடம் மட்டும் விழித்திரு என்கிறார். மூன்றாம் ஆண்டில் லூக்கா 21. கடலும் அலைகளும் எழுப்பும் இரைச்சலில் மக்கள் கலங்கிப்போவதைச் சொல்லிவிட்டு, அன்றாடக் கவலைகளில் மனசு மந்தமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது.

ஆக, அன்றாட வாழ்க்கை என்பது இந்த வாசகங்களில் அவர் வந்து நிற்கும் இடமாகவும் இருக்கிறது, அவரைப் பார்க்க விடாமல் செய்யும் மூடுபனியாகவும் இருக்கிறது. பிரசங்கங்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கின்றன.

விழித்திருப்பது என்றால் தூங்காமல் இருப்பது என்று அர்த்தமில்லை. எங்கள் தொழிலில் ஆன்-கால் என்று ஒரு முறை உண்டு. அந்த வாரம் உங்கள் முறை என்றால் சாப்பிடலாம், தூங்கலாம், பிள்ளைகளை டியூஷனில் கொண்டுபோய் விடலாம். ஆனால் போன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அழைப்பு வந்தால் எழுந்திருக்க வேண்டும். மாற்குவின் காவலாளி அப்படிப்பட்டவர் என்றுதான் எனக்குப் படுகிறது.

இனி விஷயத்தின் மையம். அட்வென்ட் எங்கே தொடங்கியது? இன்றைய பிரான்ஸில் இருக்கும் தூர் நகரத்தின் ஆயர் பெர்பெத்துவுஸ், 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புனித மார்ட்டின் திருநாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு என்று ஏற்படுத்தினார். இதை எழுதி வைத்திருப்பவர் அவருக்கு ஒரு நூறாண்டுக்குப் பின் அதே நகரில் ஆயராக இருந்த கிரகோரி. 581-இல் மாக்கோன் நகரில் கூடிய ஆயர்கள் சங்கம் திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைகளையே விதித்தது. மார்ட்டின் திருநாள் நவம்பர் 11. அதனால் இந்த நோன்புக்கு மார்ட்டினின் நாற்பது நாள் என்றே பெயர் வந்தது. ரோமில் இந்தக் காலம் தனியாக, குறுகியதாக வளர்ந்தது. பிற்காலத்தில் இரண்டும் கலந்துதான் இன்றைய நான்கு வாரம். மிலான் நகரத் திருச்சபை மட்டும் இன்றும் ஆறு வாரம் கொண்டாடுகிறது, மார்ட்டின் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு அங்கே அட்வென்ட் ஆரம்பம்.

யார் இந்த மார்ட்டின்? இன்றைய ஹங்கேரியில் பிறந்து, இத்தாலியில் வளர்ந்து, அப்பா படைவீரர் என்பதால் தானும் ரோமப் படையில் சேர்க்கப்பட்டவர். வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் சுல்பிசியுஸ் செவேருஸ். மார்ட்டினை நேரில் அறிந்தவர், அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதத் தொடங்கியவர். மார்ட்டின் இறந்தது 397-இல்.

அமியான் நகர வாசலில் கடும் குளிர்காலத்தில் நடந்ததாக அவர் சொல்வது இதுதான். உடம்பில் துணியில்லாத ஒரு பிச்சைக்காரர் போகிற வருகிறவர்களைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார், யாரும் நிற்கவில்லை. மார்ட்டினிடம் இருந்ததை எல்லாம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, மிச்சம் போர்த்தியிருந்த மேலங்கி மட்டும். வாளை எடுத்து அதை இரண்டாக வெட்டி ஒரு பாதியைக் கொடுத்துவிட்டு மறுபாதியைத் தான் போர்த்திக்கொண்டார். சுற்றி நின்றவர்களில் சிலர் அவர் கோலத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். வேறு சிலருக்கு வருத்தம்: நம்மிடம் இதைவிட அதிகம் இருந்ததே, அம்மணமாகாமலே கொடுத்திருக்கலாமே என்று. அன்று இரவு கனவில் கிறிஸ்து அந்தப் பாதி அங்கியைப் போர்த்திக்கொண்டு வந்து, ஞானஸ்நானம்கூட இன்னும் பெறாத மார்ட்டின் எனக்கு இதை உடுத்தினான் என்று வானதூதர்களிடம் சொல்கிறார்.

கனவை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். நான் பார்ப்பது வரிசையை. கொடுத்தது பகலில், தெரிந்தது இரவில். வாளை உருவும்போது மார்ட்டினுக்கு எதிரில் தெரிந்தது குளிரில் நடுங்கும் ஒரு மனிதர் மட்டும்தான்.

இதே நூலில், அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு நிகழ்ச்சியும் இருக்கிறது. ஆண்டுகள் கழித்து, மார்ட்டின் ஆயராக இருக்கும்போது அவர் அறைக்குள் பேரொளியோடு ஓர் உருவம் வருகிறது. ராஜ உடை, பொன்னும் மணியும் பதித்த கிரீடம், பொன் மிதியடி. நான்தான் கிறிஸ்து, பூமிக்கு வருகிறேன், முதலில் உனக்குத்தான் காட்சி என்கிறது. மார்ட்டின் வெகுநேரம் பேசாமல் இருக்கிறார். பிறகு, ஊதா உடையும் கிரீடமுமாக வருவேன் என்று ஆண்டவர் எங்கேயும் சொல்லவில்லையே, சிலுவையின் காயங்கள் இல்லாமல் வந்தால் நான் நம்பமாட்டேன் என்கிறார். உருவம் மறைந்துவிடுகிறது. வந்தது சாத்தான் என்கிறார் செவேருஸ்.

நான் தேடிய சோதனை இதுதான். நாணயத்தில் இருக்கும் பேரரசர் மாதிரி வந்தால் அது அவரல்ல. அட்வென்டுஸ் என்ற அரச சடங்கின் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு, ஆனால் அந்தக் கோலத்தில் வருகிறவரை நம்பாதே என்று கற்றுக்கொடுத்த ஒரு மனிதரின் நாளிலிருந்து இந்தக் காலத்தை எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொருத்தம் அபாரம்.

ஒரு சின்ன துணுக்கு. மார்ட்டின் வைத்துக்கொண்ட மேலங்கியைப் பிராங்கிய மன்னர்கள் நினைவுப்பொருளாகப் பாதுகாத்தார்கள். லத்தீனில் அங்கிக்கு 'கப்பா', சின்ன அங்கிக்கு 'கப்பெல்லா'. அதை வைத்திருந்த இடத்தின் பெயரும் கப்பெல்லா ஆனது, கவனித்துக்கொண்ட குருக்கள் கப்பெல்லானி. கல்லூரிகளில் நாம் சொல்கிற சேப்பல், சாப்ளின் இரண்டுக்கும் மூலம் அதுதான்.

மார்ட்டினின் கனவுக்குப் பின்னால் இருப்பது மத்தேயு 25. பசித்தவர், தாகமாயிருந்தவர், அந்நியர், ஆடையற்றவர், நோயாளி, கைதி என்று ஆறு பேர். இவர்களுக்குச் செய்தது எனக்கே செய்தது என்று தீர்ப்பு நாளில் அரசர் சொல்கிறார். அந்தப் பகுதியில் 'மிகச் சிறிய சகோதரர்' என்று சொல்லப்படுபவர்கள் யார் என்பதில் அறிஞர்களுக்குள் நெடுங்காலமாக விவாதம் உண்டு. இயேசுவின் சீடர்களை மட்டும் குறிக்கிறது என்று ஒரு தரப்பு, எல்லா ஏழைகளையும் என்று இன்னொரு தரப்பு. 4-ஆம் நூற்றாண்டு இறுதியில் ஜனங்கள் எப்படிப் படித்தார்கள் என்பதற்கு மார்ட்டின் கதையே சாட்சி. அதே சமயத்தில் கிழக்கே அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம், கோயிலுக்குள் பட்டு உடுத்திவிட்டு வெளியே குளிரில் அவரையே அம்மணமாக விட்டுவைக்காதீர்கள் என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். திருமந்திரம் படித்தவர்களுக்கு நடமாடும் கோயிலும் படமாடும் கோயிலும் ஞாபகம் வரும். அது தனிப் பதிவுக்கான விஷயம்.

இந்தப் பகுதியில் என்னை நிறுத்தியது வேறொன்று. நல்லவர்கள், கெட்டவர்கள் இரண்டு தரப்புமே ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: ஆண்டவரே, உம்மை எப்போது பார்த்தோம்? உதவி செய்தவர்களுக்கும் அவரை அடையாளம் தெரிந்திருக்கவில்லை. அவர்கள் பசித்தவரிடம் பசித்தவரைத்தான் பார்த்தார்கள். எம்மாவு போகும் வழியில் சீடர்களுக்கும், தோட்டக்காரர் என்று நினைத்த மகதலேனா மரியாளுக்கும் உடனே தெரியவில்லை. தெரிவது எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான்.

எனவே பிரசங்க வரியில் எனக்கு ஒரு மனத்தாங்கல். எதிரில் இருப்பவரிடம் கிறிஸ்துவைத் தேடு என்று சொல்லும்போது, எதிரில் இருப்பவர் ஒரு கண்ணாடி ஜன்னலாக மாறிவிடும் ஆபத்து இருக்கிறது. நமக்கு வேண்டியது ஜன்னலுக்கு அந்தப் பக்கம். அவர் பெயர் என்ன, எந்த ஊர், என்ன அளவுச் சட்டை என்பதெல்லாம் முக்கியமில்லாமல் போய்விடும்.

2015-ஐ வைத்துச் சொல்கிறேன். அந்த ஆண்டு அட்வென்ட் முதல் ஞாயிறு நவம்பர் 29. மூன்றாம் ஆண்டுச் சுற்று, அதனால் லூக்கா 21, கடல் அலைகளின் இரைச்சல். அதிலிருந்து இரண்டாம் நாள், டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் வந்தது. சென்னையில் இருந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை, விமான நிலையம் மூடல். மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து ஆட்களை மீட்டார்கள்.

அந்த வாரத்தில் பல இடங்களில் ஒரு பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்றது. எங்கள் தெருவுக்கு வழக்கமாகப் பால் போடுகிறவர் மூன்றாம் தேதி காலை இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் டப்பை இழுத்துக்கொண்டு வந்தார். நெற்றியில் எப்போதும் போல விபூதிப் பட்டை. மாடியிலிருந்து ஒருவர் கயிற்றில் கூடையை இறக்கி, "எவ்வளவு வேணா தர்றேன்ப்பா, அஞ்சு பாக்கெட் போடு" என்றார். இவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கைக்குழந்தை இருக்கற வீட்டுக்கு ரெண்டு, மத்தவங்களுக்கு ஒண்ணு சார். பாக்கெட்ல போட்டிருக்கற விலைதான்" என்றார். சில்லறை பாக்கியைக்கூடத் திருப்பிக் கொடுத்தார்.

டிசம்பர் 13, அட்வென்ட் மூன்றாம் ஞாயிறு. வாசகம் லூக்கா 3. நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஜனங்கள் திருமுழுக்கு யோவானிடம் கேட்கிறார்கள். பாலைவனத்தில் வெட்டுக்கிளி தின்று வாழ்ந்த மனிதர் பெரிதாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவரோடு பகிர்ந்துகொள்ளட்டும் என்கிறார். வரி வசூலிப்பவர்களுக்கு, விதித்ததற்கு மேல் வாங்காதே. படைவீரர்களுக்கு, மிரட்டிப் பறிக்காதே, சம்பளம் போதும் என்றிரு. யாரையும் வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதே என்று வாசித்தபோது எனக்கு அந்த பிளாஸ்டிக் டப்புதான் ஞாபகம் வந்தது.

இரண்டு அங்கி விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. அந்த வாரம் ஒரு மண்டபத்தில் நிவாரணத் துணிகளைப் பிரித்து அடுக்கும் வேலைக்குப் போயிருந்தேன். மலை மலையாகக் குவிந்திருந்தது. பாதிக்கு மேல் கிழிந்தது, சாயம் போனது, பட்டன் இல்லாதது, ஜோடியில்லாத செருப்பு. நடுவே ஒரு ரிசப்ஷன் கோட். ஜனங்கள் கேட்டது உள்ளாடை, நைட்டி, கைலி, நாப்கின், பாய், போர்வை. வரிசையில் நின்ற ஒரு வயதான அம்மா நான் நீட்டிய புடவையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடுவில் நீளக் கிழிசல். கோபமே இல்லாமல், "தம்பி, இத உங்கம்மாவுக்குக் கட்டிக்கக் குடுப்பியா?" என்று கேட்டுவிட்டு மடித்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். சுனாமி சமயத்திலும் நாகப்பட்டினம் பக்கம் இப்படி வந்த பழந்துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்தன.

மார்ட்டின் வீட்டுக்குப் போய்ப் பழையது ஏதாவது இருக்கிறதா என்று தேடவில்லை. உடம்பில் கிடந்ததை வெட்டினார். அதனால்தான் பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

இன்னொரு மரபும் இருக்கிறது, மனிதர்களில் அல்லாமல் வேலையிலேயே கடவுளின் உடனிருப்பை உணர்வது. 17-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் கார்மேல் மடத்துச் சமையற்கட்டில் சுமார் 15 வருஷம் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ் இதில் பிரபலம். அவரும் முன்னாள் படைவீரர்தான், போரில் காயம்பட்டவர். அந்த மடச் சபையைத் தொடங்கிய அவிலா தெரசாவே பானை சட்டிகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று கன்னியர்களுக்குச் சொல்லியிருந்தார். லாரன்ஸுக்குச் சமையல் வேலை இயல்பாகவே பிடிக்காது என்பதை இன்று யாரும் நினைவுபடுத்துவதில்லை. அவரை மேற்கோள் காட்டுகிற பலர், மனசை லேசாக்கும் பயிற்சியாக அதைச் சுருக்கிவிடுகிறார்கள். ஐ.டி. கம்பெனிகளில் வெள்ளிக்கிழமை மதியம் நடக்கும் மன அமைதி வகுப்புகள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. பிடிக்காத வேலையைப் பதினைந்து வருஷம் ஒருவர் அன்போடு செய்தார் என்பதுதான் அதில் உள்ள செய்தி.

12-ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ பெர்னார்ட் அட்வென்ட் பிரசங்கங்களில் இந்த இரண்டு மரபுக்கும் ஒரு சட்டகம் போட்டுக் கொடுத்தார். வருகை இரண்டல்ல, மூன்று என்றார். முதலாவது பலவீனமான மனித உடலில். கடைசி வருகை மகிமையில். இரண்டுக்கும் நடுவே, யார் கண்ணிலும் படாத ஒன்று. முதல் வருகையிலிருந்து கடைசி வருகைக்குப் போகிற சாலை அது என்கிறார். நாம் நின்றுகொண்டிருப்பது அந்தச் சாலையில்.

வாசகச் சுற்றைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2026 நவம்பர் 22 கிறிஸ்து அரசர் ஞாயிறு, அன்று மத்தேயு 25, ஆறு பேர் பட்டியல். 1925-இல் பதினோராம் பயஸ் ஏற்படுத்தி, முதலில் அக்டோபரில் இருந்த விழா இது; வழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுக்குப் பிறகுதான் மாற்றினார்கள். அடுத்த வாரம், நவம்பர் 29, அட்வென்ட் முதல் ஞாயிறு, மாற்கு 13, வாசல் காவலாளி. பக்கத்தில் கத்தோலிக்க ஆலயம் இருந்தால் இரண்டு வாரமும் போய் உட்கார்ந்து அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஏழு நாள் இடைவெளியில் கேட்கும்போது, வீட்டுக்காரர் எந்த நேரத்தில் வருவார் என்று தெரியாத அந்தக் காவலாளியிடம், வாசலில் வந்து நிற்கப்போகிறவர் எந்தக் கோலத்தில் இருப்பார் என்பதை மட்டும் முந்தின வாரமே சொல்லிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.